ஹல் நகரத்தில் ஒரு நாமக்கல் பட்டறை

கேரவன் என்றால் நம் ஊரில் ஒரே அர்த்தம்தான். ஷூட்டிங் நடக்கும் இடத்தில் நடிகர்களுக்காக ஏசி போட்டு நிற்கும் வண்டி. அதனால்தான் போன மார்ச்சில் என் மகள் போனில், "அம்மா, நாங்க ஒரு கேரவன் வாங்கியிருக்கோம்" என்று சொன்னதும், "எதுக்குடி, மாப்பிள்ளை சினிமாவுல நடிக்கப் போறாரா?" என்று கேட்டுவிட்டேன். அவள் சிரித்த சிரிப்பு அடங்க இரண்டு நிமிஷம் ஆனது.

மே மாதம் முதல் வாரம் நானும் என் கணவரும் இங்கிலாந்து போய் இறங்கினோம். மகள் இருப்பது ஹல் நகரம். நாட்டின் கிழக்குக் கரையில், ஹம்பர் என்ற அகலமான கழிமுகத்தின் ஓரத்தில் இருக்கிற துறைமுக ஊர். லண்டன், ஆக்ஸ்போர்டு என்று பேர்போன ஊர்களின் வரிசையில் இது வராது. ஆனால் ஹம்பர் பாலத்தைப் பார்த்தால் வாய் பிளக்கும். இரண்டு கோபுரங்களுக்கு நடுவில் மட்டும் 1,410 மீட்டர், கீழே ஒரு தூண்கூட இல்லாமல் தொங்குகிறது. 1981-ல் திறந்தபோது உலகத்திலேயே நீளமான தொங்கு பாலம் இதுதானாம். 1998 வரைக்கும் அந்தப் பெயரை வைத்திருந்தது.

என் கணவர் பாலத்தையும் பார்த்தார், "ம்" என்றார். அந்த நாட்களில் அவர் எதற்கும் "ம்"தான்.

இதைக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். நாமக்கல்லில் லாரி பாடி கட்டும் பட்டறைகளைப் பற்றி உங்களுக்குத் தெரிந்திருக்கும். அங்கே 38 வருஷம் பெயின்டிங் பட்டறை நடத்தியவர் அவர். டிங்கரிங் முடிந்து வருகிற வண்டிக்குப் பட்டி பார்த்து, வாட்டர் பேப்பர் போட்டு, பிரைமர் அடித்து, கலர் ஏற்றி, கடைசியில் நம்பரும் சாமி பேரும் எழுதி அனுப்புவார். இரண்டு வருஷத்துக்கு முன்னால் இதயத்தில் ஸ்டென்ட் வைத்தார்கள். ஸ்பிரே புகை இனிமேல் ஆகாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். பட்டறையை விற்றோம். அன்றிலிருந்து மனுஷன் நாற்காலியில் உட்கார்ந்தால் எழுந்திருப்பதில்லை. மகளும் நானும் டிக்கெட் போட்டு அவரை இழுத்துக்கொண்டு போனதே, இடம் மாறினால் முகம் மாறாதா என்ற ஆசையில்தான்.

மகள் வீட்டு வாசலில் அந்த கேரவன் நின்றது. எஞ்சின் கிடையாது. காரின் பின்னால் கொக்கி மாட்டி இழுத்துக்கொண்டு போகிற வீடு. உள்ளே கட்டில், அடுப்பு, ஃபிரிட்ஜ், கழிவறை எல்லாம் உண்டு. 2003 மாடல், நாலாவது கைக்கு வந்திருக்கிறது. வெள்ளை வண்டி என்று சொல்லித்தான் விற்றார்களாம். நான் பார்த்தபோது, வெயிலே படாத வடக்குப் பக்கம் பச்சைப் பாசி. கூரை ஓரத்திலிருந்து கறுப்புக் கறுப்பாகக் கண்ணீர் வடிந்த மாதிரி கோடுகள். மற்ற இடமெல்லாம் பழைய சுண்ணாம்புச் சுவர் போல மங்கல்.

இன்னொரு வேடிக்கை. கேரவனுக்கென்று தனி நம்பர் கிடையாது. எந்தக் கார் இழுக்கிறதோ, அந்தக் காரின் நம்பரைத்தான் பின்னால் மாட்ட வேண்டும். "கல்யாணமானதும் இனிஷியல் மாறுற மாதிரி" என்றேன் நான். மருமகன் சிரித்தார். மகள் சிரிக்கவில்லை.

பேரனுக்கு ஒன்பது வயது. மே மாதக் கடைசியில் அங்கே பள்ளிக்கு ஒரு வாரம் விடுமுறை. அந்த வாரம் ஃபிளாம்பரோ என்ற கடலோர ஊரில் கேரவன் நிறுத்த இடம் பதிவு செய்திருந்தார்கள். பையன் மட்டும் என்னிடம் வந்து, "அம்மாயி, இந்த வண்டியில வர மாட்டேன். என் ஃபிரண்ட்ஸ் இதை 'பாசி டப்பா'ன்னு சொல்றாங்க" என்று முணுமுணுத்தான். நாற்காலியில் உட்கார்ந்திருந்த அவன் அப்புச்சி காதிலும் அது விழுந்தது.

மறுநாள் காலை ஆறு மணிக்கு எழுந்து பார்த்தால் பக்கத்தில் ஆளைக் காணோம். பதறிப்போய் ஜன்னலைத் திறந்தால், ஸ்வெட்டரும் குரங்குக் குல்லாவுமாக மனுஷன் கேரவன் பக்கத்தில் நிற்கிறார். உள்ளங்கையை வண்டியின் மேல் வைத்து ஒரு இழு இழுத்தார். கையைத் திருப்பிப் பார்த்தார். என்னிடம் காட்டினார். கை முழுக்க வெள்ளை மாவு.

"பெயின்ட் சாகலே. மேல்தோல் மட்டும்தான் செத்திருக்குது" என்றார். இரண்டு வருஷத்தில் அவர் தானாகப் பேசிய நீளமான வாக்கியம் அதுதான் என்று நினைக்கிறேன்.

அவர் சொன்னதன் அர்த்தம் எனக்குப் பிறகுதான் விளங்கியது. பெயின்ட் என்பது நிறப்பொடியும், அதைப் பிடித்து வைத்திருக்கிற ஒரு பிசினும். வருஷக்கணக்காக வெயிலும் காற்றும் பட்டுப் பட்டு மேலாக இருக்கிற பிசின் சிதைந்துபோகும். பிடிமானம் போனதும் நிறப்பொடி மாவாக உதிரும். அந்த மாவு ஒளியைச் சிதறடிப்பதால்தான் வண்டி மங்கலாகத் தெரிகிறது. சொரசொரப்பில் அழுக்கும் பாசியும் சுலபமாக ஒட்டிக்கொள்கின்றன. அந்தச் செத்த அடுக்கை மட்டும் எடுத்துவிட்டால் அடியில் பழைய பளபளப்பு அப்படியே இருக்கும். நாமாக எதையும் புதிதாகப் பூச வேண்டியதில்லை.

மகள் நர்ஸ். அவளிடம் அனுமதி வாங்குவது பெரிய பாடாகிவிட்டது. கடைசியில் நிபந்தனை போட்டாள். ஒரு தடவைக்கு அரை மணி நேரம்தான், போனில் அலாரம் வைக்க வேண்டும், வாயில் மாஸ்க், ஏணியில் ஏறவே கூடாது, கூரையை மருமகன் பார்த்துக்கொள்வார். மனுஷன் நல்ல பிள்ளையாகத் தலையாட்டினார்.

முதல் இரண்டு நாள் குளிப்பாட்டல். நான் பாத்திரம் கழுவும் திரவத்தை எடுத்து நீட்டினேன். "அது மெழுகு, எண்ணெய் எல்லாத்தையும் உருவிரும்" என்று தள்ளிவிட்டார். கார் ஷாம்பு, வெதுவெதுப்பான தண்ணீர், மெத்தென்ற நீளப் பிரஷ். மருமகன் ஆன்லைனில் வாங்கி வைத்திருந்த பிரஷர் வாஷரை ஆசையாகக் கொண்டுவந்தபோதுதான், பக்கத்து வீட்டு வேலிக்கு அந்தப் பக்கமிருந்து "நோ, நோ, நோ!" என்று ஒரு குரல் வந்தது.

அப்படித்தான் அந்தப் பெரியவர் எங்கள் கதைக்குள் வந்தார். எழுபதைத் தாண்டியவர். ஹல் நகரத்தைச் சுற்றித்தான் பிரிட்டனின் கேரவன் தொழிற்சாலைகள் பலவும் இருக்கின்றன. நம்ம நாமக்கல்லுக்கு லாரி பாடி மாதிரி இந்த ஊருக்கு கேரவன். பெரியவர் அப்படி ஒரு தொழிற்சாலையில் முப்பது வருஷம் வண்டிக்குப் பக்கச் சுவர் பொருத்தியவராம். பிரஷர் வாஷரை அவர் ஏன் தடுத்தார் என்றால், கேரவனின் உடம்பு முழுக்கத் தகடுகளின் இணைப்புகள். அவற்றின் நடுவில் பிசின் மாதிரி ஒரு அடைப்பு. வேகமாகத் தண்ணீரைப் பீய்ச்சினால் அந்த அடைப்பைத் தாண்டி உள்ளே போய்விடும். உள்ளே இருப்பது மரச்சட்டம். ஈரம் ஏறினால் வெளியே தெரியாமலே மக்கிப்போகும். மங்கின கேரவனைத் தேற்றிவிடலாம், நனைந்த கேரவனைத் தேற்றுவது கஷ்டம் என்றார். மகள் மொழிபெயர்த்தாள்.

அவர் பெயர் என் கணவருக்கு வாயில் நுழையவில்லை. "மேஸ்திரி" என்று கூப்பிட ஆரம்பித்தார். இரண்டே நாளில் அந்த வெள்ளைக்காரப் பெரியவர் "மேஸ்திரி" என்றால் திரும்பிப் பார்க்கப் பழகிவிட்டார். அவருக்குத் தமிழ் தெரியாது, இவருக்கு ஆங்கிலம் நாலு வார்த்தை. ஆனாலும் காலை பத்து மணி முதல் வண்டியைச் சுற்றி இருவரும் தட்டிப் பார்ப்பதும், தடவிப் பார்ப்பதும், தலையாட்டுவதும்தான். மகள் வேலைக்குப் போன பிறகு யார் மொழிபெயர்த்தார்கள் என்று எனக்கு இன்றுவரை புரியவில்லை.

மேஸ்திரிதான் கேரவனின் உடம்பைப் புரியவைத்தார். முன் முகமும் பின் முகமும் ஃபைபர் கிளாஸ். அதன் மேல்பூச்சு நல்ல கனம், தாராளமாகத் தேய்க்கலாம். இரண்டு பக்கச் சுவரும் மெல்லிய அலுமினியத் தகடு. அது வண்டி கட்டிய பிறகு பெயின்ட் அடித்ததில்லை, பெயின்ட் அடித்த தகடாகவே சுருளாகத் தொழிற்சாலைக்கு வருமாம். அந்தப் பூச்சு மிக மிக மெல்லிசு. ஜன்னல்கள் கண்ணாடியே இல்லை, அக்ரிலிக் பிளாஸ்டிக். காய்ந்த துணியால் தூசியைத் துடைத்தாலே கீறல் விழும். தின்னர் பட்டால் வெடிப்பு ஓடும். அதனால் ஜன்னல்களைப் பிளாஸ்டிக் ஷீட்டால் மூடி, ஓரம் முழுக்க மாஸ்கிங் டேப் ஒட்டினார்கள்.

பக்கச் சுவரைத் தொடும் முன் மேஸ்திரி ஒரு காரியம் செய்தார். தன் தலையிலிருந்து ஒரு நரைமுடியைப் பிடுங்கித் தகட்டின் மேல் வைத்தார். இரண்டு விரலைச் சேர்த்து, பெயின்ட் இதைவிட மெல்லிசு என்று காட்டினார். என் கணவர் தலையாட்டினார். அந்தத் தலையாட்டலை எனக்கு நன்றாகத் தெரியும். 'எனக்கே சொல்றியா' என்ற தலையாட்டல்.

முன் முகத்தில் வேலை அற்புதமாக நடந்தது. வெயில் சுவரில் படாத நேரமாகப் பார்த்து, இரண்டடிக்கு இரண்டடி இடம் எடுத்துக்கொள்வார். பாலிஷ் மெஷினின் ஸ்பாஞ்சில் பட்டாணி அளவில் நாலு சொட்டு ரப்பிங் காம்பவுண்ட். மெஷினை ஓட விடும் முன்பே சுவரில் தடவிவிடுவார், இல்லாவிட்டால் முகமெல்லாம் தெறிக்கும். பிறகு மெதுவாக, மேலும் கீழுமாக, இடமும் வலமுமாக. மென்மையான துணியால் துடைத்தால், அந்தக் கட்டத்தில் மட்டும் எதிர்வீட்டு மரம் தெரிந்தது! பேரன் பள்ளியிலிருந்து வந்து அதில் தன் முகத்தைப் பார்த்து நாக்கை நீட்டினான்.

நடுவில் பழைய ஸ்டிக்கர் கோடுகளை உரித்தோம். அது என் வேலை. ஹேர் டிரையரால் சூடு காட்டி, ஓரத்தை நகத்தால் தூக்கி, மெதுவாக இழுக்க வேண்டும். ஸ்டிக்கர் போன இடத்தில் ஒரு வெள்ளை தெரிந்தது பாருங்கள், அப்படியொரு வெள்ளை! வெயில் பார்க்காமல் இருபது வருஷம் ஒளிந்திருந்த நிறம். "இதுதான் நம்ம அளவு. மத்த இடமும் இந்த நிறத்துக்கு வந்தா நிறுத்திக்கோணும்" என்றார் அவர்.

நிறுத்திக்கொள்ளவில்லை. அதுதான் விஷயம்.

ஐந்தாவது நாள் பக்கச் சுவர். சக்கரத்துக்கு மேலே தகட்டில் ஒரு மடிப்பு, கோடு போல எழும்பி நிற்கும். அங்கே மட்டும் மங்கல் போகவில்லை. அலாரம் அடித்தது. நான் கூப்பிட்டேன். "இருங்க, ஒரே நிமிஷம்" என்று மெஷினைச் சாய்த்து அழுத்தினார். லாரிக்குக் கோட் மேல் கோட் அடித்துப் பழகிய கை. மேடான இடத்தில் பெயின்ட் இன்னும் மெல்லிசாக இருக்கும். மெஷினின் விளிம்பு அங்கே பட்டால் சூடும் அதிகம். துணியால் துடைத்தபோது விரல் நீளத்துக்கு வெள்ளி மாதிரி ஒரு கோடு மின்னியது. அலுமினியம்.

மெஷினைக் கீழே வைத்தார். வீட்டுக்குள் போய் அதே நாற்காலியில் உட்கார்ந்தார். மதியம் சாப்பிடவில்லை. சாயங்காலம் மகள் வந்து, "அப்பா, பழைய வண்டிதானே, விடுங்க" என்றாள். அது தப்பான வார்த்தை. "38 வருஷத்துல ஒரு வண்டியிலகூட நான் தகரம் காட்டினதில்லே" என்று சொல்லிவிட்டுப் படுத்துக்கொண்டார். ராத்திரி முழுக்கப் புரண்டார். நானும் தூங்கவில்லை. இவ்வளவு தூரம் கூட்டிவந்து, இருந்த கொஞ்ச உற்சாகத்தையும் பறித்துவிட்டோமோ என்று இருந்தது.

காலையில் கதவு தட்டும் சத்தம். மேஸ்திரி நின்றார். கையில் சின்னதாக இரண்டு டப்பா, ஒரு மெல்லிய பிரஷ். அன்று மகளுக்கு விடுப்பு. அவர் உள்ளே வந்து உட்கார்ந்து ஒரு கதை சொன்னார். தொழிற்சாலையில் சேர்ந்த புதிதில், ஒரு சுவரில் ஜன்னலுக்கான ஓட்டையை எதிர்ப்பக்கம் வெட்டிவிட்டாராம். கதவுக்கு மேலே ஜன்னல்! ஒரு முழுச் சுவர் பாழ். ஒரு மாதம் ஆலையில் எல்லோரும் அவரைப் பார்த்தால் ஜன்னலைத் திறப்பது போல ஜாடை காட்டினார்களாம். மகள் மொழிபெயர்த்து முடிக்கும் முன்பே, அவர் கை ஜாடையைப் பார்த்து என் கணவர் சிரித்துவிட்டார்.

டப்பாவை வாங்கி முகர்ந்து பார்த்தார். "எட்ச் பிரைமர்" என்றார். இருவருக்கும் பொதுவான வார்த்தை அது. அலுமினியத்தில் பெயின்ட் நேரடியாக ஒட்டாது, உரிந்து வந்துவிடும். முதலில் எண்ணெய்ப் பசை போகத் துடைத்து, தகட்டைக் கவ்விப் பிடிக்கிற அந்தப் பிரைமரை ஒரு கோட் வைக்க வேண்டும். காய்ந்த பின் வெள்ளை டச்-அப். ஒரே தடவையில் அப்பாமல், மெல்லிசாக மூன்று முறை. இரண்டு நாள் விட்டு 2000 நம்பர் வாட்டர் பேப்பரால் மிக லேசாகச் சமன் செய்து, கையாலேயே பாலிஷ். மீதிச் சுவர் முழுக்க மெஷின் இல்லாமல் கையால்தான் தேய்த்தார். மேடு, மடிப்பு, விளிம்பு எல்லாவற்றுக்கும் முதலில் டேப். அரை மணி அலாரம் அடித்தால் கையை எடுத்துவிடுவார்.

கடைசியாக மெழுகு. மெல்லிசாக ஒரு பூச்சு, துடைத்துவிட்டு மறுநாள் இன்னொன்று. இதைச் செய்யாமல் விட்டால் தேய்த்ததெல்லாம் வீண், திறந்து கிடக்கிற பெயின்ட் சீக்கிரமே மறுபடி மாவாகும். வருஷா வருஷம் குளிர்காலத்துக்கு முன் ஒரு முறை கழுவி மெழுகு போட வேண்டும் என்று மருமகனிடம் இரண்டு பெரியவர்களும் தனித்தனியாகச் சத்தியம் வாங்கினார்கள். முன்னால் எலுமிச்சம்பழம் கட்டியே தீருவேன் என்றேன் நான். கட்டினேன்.

கிளம்பின நாள் தெருவே வெளியில் வந்து பார்த்தது. ஹல்லிலிருந்து ஃபிளாம்பரோ ஒரு மணி நேரத்துக்குக் கொஞ்சம் கூடத்தான். கேரவன் இழுக்கும்போது சாதாரண இருவழிச் சாலையில் மணிக்கு 50 மைலைத் தாண்டக் கூடாது. அதனால் நிதானமாகப் போனோம். காரைவிட கேரவன் அகலம் என்பதால் பக்கக் கண்ணாடிக்கு நீட்டிப்புக் கண்ணாடி வேறு. பெவர்லி ஊரின் பெரிய மாதாகோயில் கோபுரங்கள், பிறகு இரண்டு பக்கமும் மஞ்சள் மஞ்சளாகக் கடுகு மாதிரி பூத்த வயல்கள். ரேப்சீட் என்றார் மருமகன். எங்களுக்குக் கிழக்கே இருந்த கடற்கரை முழுக்கக் களிமண்ணாம். ஐரோப்பாவிலேயே வேகமாகக் கரைகிற கரைகளில் ஒன்று, சராசரியாக வருஷத்துக்கு இரண்டு மீட்டர் அளவுக்குக் கடலுக்குப் போகிறது. விளிம்பில் இருந்த கேரவன் பூங்காக்கள் வரிசை வரிசையாகப் பின்வாங்குகின்றன. வீட்டுக்குச் சக்கரம் இருப்பது நல்லதுதான் போல!

ஃபிளாம்பரோவில் கரை வேறு மாதிரி. களிமண் முடிந்து சுண்ணாம்புப் பாறை ஆரம்பம். வெள்ளை வெளேரென்று செங்குத்தாக இறங்குகிற பாறைகள், அடியில் அலை குடைந்த குகைகள், 1806-ல் கட்டிய கலங்கரை விளக்கம். பக்கத்திலேயே பெம்டன் பாறைகள். அங்கே உயரம் 100 மீட்டரைத் தொடும். ஒவ்வொரு விளிம்பிலும் பறவை. இறக்கையை விரித்தால் ஆறடி வருகிற கேனட்டுகள் கடலில் ஈட்டி போலப் பாய்கின்றன. ஆரஞ்சு அலகு பஃபின் குருவியைப் பார்க்க வேண்டுமென்றால் ஜூலைக்குள் போய்விடுங்கள், பிறகு கடலுக்குப் போய்விடும். நாற்றத்தைப் பற்றி யாரும் முன்கூட்டியே சொல்லவில்லை. ஆயிரக்கணக்கான பறவைகளின் எச்சம்! மூக்கைப் பொத்திக்கொண்டுதான் ரசித்தேன்.

என் கணவர் பாறை ஓரத்து வழியில் குனிந்து உதிர்ந்து கிடந்த ஒரு வெள்ளைக் கல்லை எடுத்தார். உள்ளங்கையில் தேய்த்தார். வெள்ளை மாவு. பேரனிடம் காட்டினார். "அப்புச்சி, இதுக்கும் பாலிஷ் போடலாமா?" என்றான் அவன். இருவரும் சிரித்த சத்தத்தில் இரண்டு பறவைகள் கிளம்பிப் போயின.

சாயங்காலம் முகாமில் டீ போட்டுக்கொண்டிருந்தேன். பக்கத்து இடத்தில் பெரிய புது கேரவனோடு வந்திருந்தவர் எங்கள் வண்டியைச் சுற்றிப் பார்த்துவிட்டு, இது எந்த வருஷத்து மாடல், புதுசா என்று கேட்டார். மருமகன் பதில் சொல்ல வாயைத் திறந்தார். அதற்குள் என் கணவர் எழுந்து, "நோ நியூ. டூ தௌசண்ட் த்ரீ" என்றார். அதோடு விடவில்லை. அந்த மனிதரின் கையைப் பிடித்து வண்டியின் மறுபக்கம் கூட்டிக்கொண்டு போய், சக்கரத்துக்கு மேலே இருந்த மடிப்பில், யார் கண்ணுக்கும் தெரியாத அந்த விரல் நீளக் கோட்டைத் தடவிக் காட்டினார்.